பாதிக் கிண்ணி

போன மாசம் மூன்று தடவை ஏய்த்தது.
கிண்ணியில் மட்டும் பளிச்,
குழலுக்குள் ஊமை.
வி.கோட்டா காட்டோரம் என் தக்காளிக் கொல்லையில்
ஒற்றை யானை
காதைக்கூட அசைக்காமல் மென்றது.

இன்று மதியம் பூட்டைக் கழற்றினேன்.
மழுங்கிய கல்லின் விளிம்பைச் செதிலாய்த் தட்டி,
அறுந்த செருப்புத் தோலில் சுற்றி,
குதிரையின் வாயில் கடிக்கக் கொடுத்தேன்.
சில்லம்மாவின் ஊக்கால் துளையைக் குடைய
மிளகளவு கசடு.

தப்பு என் கையிலும்தான்.
கிண்ணி நிறையக் கொட்டி
துளையை மூடிவிடுவேன்;
மருந்து திரியாகிப் புகைந்து புகைந்து உள்ளே போகும்.
பாதி போதும், துளைக்குக் கீழே.
தீ நடக்க வேண்டாம், தாவட்டும்.

பாறையைப் பார்த்து ஒரு வெள்ளோட்டம்.
சொடுக்கும் இடியும்
ஒரே சொல்லாய் விழுந்தன.
பாறையில் உள்ளங்கை அகலம் சில்லு.

முன்பெல்லாம் இரண்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு இருக்கும்.
எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்கும்வரை என்போமே, அவ்வளவு.
அதற்குள்தான்
ஒவ்வொரு முறையும் குழலை மேலே தூக்கியிருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை,
ஈயம் தந்த ரெட்டெப்பனிடம் நிச்சயமாய் இல்லை.
அவனுக்கு ஒன்றரை ஏக்கர் போயிருந்தது.

ராத்திரி வந்தது.
கெட்டித்தேன்: மருந்து, நார்த்தக்கை.
குண்டு சட்டைப்பையில் புளியங்கொட்டையாய்க் கனத்தது.
வானத்துக்கு நீட்டி இழுத்தேன்.
பிசகவில்லை.

கதவுக்குப் பின்னிருந்து சில்லம்மா:
"போயிந்தா?"
குண்டையா, யானையையா,
கேட்டுத் தெளியவில்லை நான்.
"போயிந்தி" என்றேன்.