ஐந்தாவது அழுத்தம்

நாலு கோடியே பதினோரு லட்சம் நிலைகள்.
ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று
நிரல் ஒரே கேள்வியைத்தான் கேட்டது:
இங்கே திரையில் தெரிகிற எண்ணும்
குழாயில் ஓடுகிற மருந்தும் ஒன்றுதானா?

மெர்பேங்க் எண்ணெய் ஆலையின் நாற்றம்
சன்னலை மூடினாலும் வந்தது.
நேற்று வாங்கிய பன்னி சௌவில் ரொட்டி ஊறிப்போயிருந்தது.
ஆம், ஆம், ஆம் என்று
இரவு முழுக்கச் சொல்லிவிட்டு
விடியற்காலை நாலே காலுக்கு
ஒரே ஒரு முறை
இல்லை என்றது.

ஏழு அழுத்தங்கள்.
நிறுத்து. அளவு. கீழம்பு. கீழம்பு.
இந்த இடத்தில் மின்சாரம் போகவேண்டும்.
பம்பு பேட்டரிக்குத் தாவுகிற
அந்த அரை நொடிக்குள்
ஐந்தாவதாக யாரேனும் அலாரத்தை அடக்கவேண்டும்.
பிறகு சரி. பிறகு தொடங்கு.
திரை நாலு என்கும்.
குழாயில் பழைய ஆறு ஓடும்.

பைன்டவுன் தொழிற்சாலையில் தேயூனிஸ் சிரித்தார்.
அரை நொடிக்குள் யாரம்மா அமுக்குவார்?
லட்சத்தில் ஒன்று.
நாலாம் கட்ட லோட் ஷெடிங், என்றேன்.
ஒரு நாளைக்கு மூன்று தடவை, பதினாலு பம்பு.
பெருக்கிப் பாருங்கள்.
அவர் பெருக்கவில்லை.

வியாழன் இரவு சாட்ஸ்வொர்த்தில்
குழந்தைகள் வார்டில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.
சிஸ்டர் நொசிஃபோவின் இடுப்பில் ஒரு பிள்ளை,
வாயில் பேனா மூடி,
ஒரு கை பம்பில்:
நிறுத்து, அளவு, கீழம்பு, கீழம்பு.
என் உதடும் கூடவே எண்ணியது.
விளக்கு போனது.
பதினாலு பம்புகளும் ஒரே குரலில் கத்தின.
அவள் கட்டைவிரல் எங்கும் போகவில்லை.

ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு நொடி.
வெளிச்சத்தில் பார்த்தேன்:
அலாரம் அடக்கும் பொத்தான்மேல்
பழுப்பு நிறப் பிளாஸ்திரி.
அதில் பால்பாயிண்டால், ஸுலுவில்,
வேண்டாம்.

எப்போது ஒட்டினீர்கள்?
ஈஸ்டருக்கு முன்னால்.
எதனால்?
அதை அடக்கினால் இது பொய் சொல்லும்.
எப்படித் தெரிந்தது உங்களுக்கு?
அவள் மூன்றாம் கட்டிலைப் பார்த்தாள்.
இப்போது அதில் வேறொரு பிள்ளை,
ஒரு காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, உறக்கத்தில்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எனக்கு வசப்படாமலே போன சொல் ஒன்று.
பிழைத்தான் என்றால்
தவறு செய்தானா, உயிரோடு இருக்கிறானா?
இரண்டும்தான் என்று சொல்லி
மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

நாலு கோடி வாசல்களில்
ஒரே ஒரு கதவை அடைத்திருக்கிறாள் இவள்,
இரண்டு அங்குலப் பசைத்துணியால்.
ஆனால் பம்பு கத்தும்போது ஆற்ற வழியில்லை.
பதினோரு நொடி, பதினாலு பிள்ளைகளும் விழித்து அழ,
ஒன்றொன்றாய்த் தூக்கித் தட்டி, மறுபடி கிடத்தி,
மணி ஒன்றேகால் ஆகிவிட்டது.
பொய் சொல்லாத பம்பு போதாது போலிருக்கிறது.

வீடு திரும்பிப் பழைய விதிக்குக் கீழே
இன்னொன்று எழுதினேன்:
எந்த நிலையிலும், எந்த இருட்டிலும்,
ஒரே கை, அதுவும் இடக்கை,
ஒரே அழுத்தத்தில் ஓசையை ஆற்ற முடியவேண்டும்,
ஆற்றிய பின்னும்
எண் எண்ணாகவே இருக்கவேண்டும்.
கடைசி வரியை மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.
நிரலுக்கு ஆற்றுதல் புரியாது.
ஒலி பூஜ்யம் என்று மாற்றினேன்.

அறிக்கையில், பிழையைக் கண்டவர் என்ற இடத்தில்
என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
அடித்துவிட்டு நொசிஃபோ என்று எழுதினேன்.
தேயூனிஸ் அதை என்ன செய்வாரோ.

நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஒரு கோடியே எண்பது லட்சம் தாண்டியாயிற்று.
ஆம், ஆம், ஆம்.
எட்டு மணிக்கு எங்கள் தெருவின் முறை.
மடிக்கணினியின் பேட்டரி
நாற்பது நிமிடம் தாங்கும்,
என்கிறது திரை.