தோஷக்கல்

நாச்சம்மையின் அண்ணனுக்கு வைர யாவாரம்.
நாங்கள் வாங்கிய கல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்து
"இதுல தோஷம் இருக்கே, திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.
தோஷத்துக்காகத்தான் வாங்கினோம்.
ஒரு கரியணு இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன்,
பக்கத்தில் ஒரு வெற்றிடம்.
அந்தக் குழிக்குள் ஒரு சுழல்
வடக்குமல்லாமல் தெற்குமல்லாமல் நிற்கும்,
கேட்கும்வரை.

கேட்டால் ஒற்றைச் சொல்: ஆம், அல்லது இல்லை.
சொன்ன கையோடு மறந்துவிடும்.
மறுபடி பச்சை ஒளி, மறுபடி கேள்வி.
காரைக்குடி உறங்கும் நேரத்தில்
நாற்பது லட்சம் தடவை கேட்டோம்,
காந்தப்புலம் எவ்வளவு என்ற
ஒரே எண்ணுக்காக.

எத்தனை நேரம் பொறுத்துக் கேட்பது, அதுதான் வித்தை.
சீக்கிரம் கேட்டால் ஒன்றும் சேர்ந்திருக்காது,
தாமதித்தால்
சேர்ந்ததெல்லாம் இரைச்சலில் கரைந்திருக்கும்.
இடையில் சில மைக்ரோ நொடி,
பணியாரத்தைத் திருப்பும் பதம்.

பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு இரவுகள் வேண்டும்.
அந்தப் பாதியைப் பாதியாக்கப் பதினாறு.
திட்டப்பணம் பங்குனியோடு முடிகிறது.

இரைச்சலை ஒவ்வொன்றாக ஆள் பிடித்தோம்.
தரைக்கு அடியில் செம்பூராங்கல், அதற்குள் இரும்பு:
அசையாது, கழித்துவிடலாம்.
நொடிக்கு ஐம்பது துடிப்பு: மின்வாரியம்.
என் சட்டைப்பையில் சைக்கிள் சாவி,
வெட்கக்கேடு, அதற்கு இரண்டு வாரம்.
ஆனாலும் இரண்டு மணிக்கு மேல் ஒரு மேடு.
தினமும் வரும், ஒரே நேரத்தில் வராது.
"அந்தப் பத்து நிமிஷத்தை வெட்டிருவோம்,
வரைபடம் அழகா வரும்" என்றேன்.
நாச்சம்மை வெட்டவில்லை.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.
கேட் மூடுகிற மணி.

ராமேசுவரம் ரயில்.
மேல்கம்பியில் மின்சாரம் ஏறும்போதே
அரைக் கிலோமீட்டருக்கு இப்பால்
வைரத்தின் குறை நடுங்கியிருக்கிறது.

இப்போது எங்களிடம் இரண்டு எண்கள்.
ஒன்று, பணம் கொடுத்தவர்கள் கேட்டது.
அதன் பிழைக்கோடு
நாங்கள் வாக்களித்ததைவிட மூன்று மடங்கு நீளம்.
குறைத்து எழுத எனக்குக் கை துறுதுறுத்தது,
அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மற்றது யாரும் கேட்காதது.
நேற்று இரவு இரண்டு நாற்பதுக்கு
கேட்கீப்பர் செபஸ்தியானுக்குப் போன் போட்டு
"இன்னும் நாலு நிமிஷத்துல வண்டி வந்துரும்,
ஒரு நிமிஷம் முன்னப்பின்ன" என்றாள்.
அவர் யார் பேசுவது என்று கேட்டார்.
பதில் சொல்வதற்குள்
அங்கே மணி அடித்தது.