கொக்கைக் கொடு

முதலில் கொக்கைத்தான் எடுத்தார்கள்.

கழனிவாசல் கால்பந்துக் கழகத்துச் சட்டையில்
இடது மார்பில்
ஒற்றைக்காலில் நின்றிருந்தது அது,
தூக்கிய காலடியில் பந்து.
பேனர் எழுதும் அடைக்கலம்
நூற்றைம்பது ரூபாயும் ஒரு பரோட்டாப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு
வரைந்து கொடுத்தது.
கழுத்து கொஞ்சம் கோணல்தான்.
அந்தக் கோணலோடுதான் மூன்று முறை ஜெயித்தோம்.

இப்போது அங்கே நான்கு தூண், ஒரு வளைவு,
தரைக்கல்லில் பூ.
எங்கள் பதினொரு பேரில் ஒருத்தன்கூட
பந்தி பரிமாறத் தவிர
அப்படிப்பட்ட வீட்டுக்குள் போனதில்லை.

முதலாளி லக்சம்பர்க்கில் இருக்கிறார்.
அல்லது அவருடைய கம்பெனி இருக்கிறது.
அல்லது கம்பெனியின் தபால்பெட்டி.
ஜபருல்லா தேடிப் பார்த்துச் சொன்னான்:
ஒரே கதவிலக்கத்தில் நானூறு கம்பெனி,
“தேவகோட்டை மினி பஸ் மாதிரி, படியில தொங்குது.”

தபால்பெட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தமிழில்.
*அன்பான விசிறிகளே,
உங்கள் பேரார்வமே எங்கள் சொத்து.*
நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன்.
இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும்
கண்ணீர் அஞ்சலியும் பார்த்த கண்.
அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழை இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

மைதானத்தில் பார்த்த ஆட்டத்தை
வீட்டுக்கு வந்து டிவியில் மறுபடி பார்ப்பது ஒரு வியாதி.
நாங்கள் பார்த்த ஆட்டம் அதில் இல்லை.
நாற்பத்தோராவது நிமிஷம்
சேவுகனை இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், கோலுக்கு ஆறு கஜத்தில்.
வலைக்குப் பின்னால்தான் நின்றேன்,
சட்டை கிழிந்த சத்தம் கேட்டது.
திரையில் அந்நேரம்
எதிரணிப் பயிற்சியாளர் தண்ணீர் குடிக்கிறார்.
மெதுவாக மறுபடி காட்டுகிறார்கள்.
இன்னொரு கோணத்திலும்.

வர்ணனையாளருக்குச் சென்னையில் ஏசி அறை.
எங்கள் பையன் பாஸ் கொடுத்தால் மசாலா,
அடித்தால் காரம்,
தவறவிட்டால் உப்பில்லை.
தொண்ணூறு நிமிஷமும் எங்களைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.
எதிரணி மட்டும் வியூகம் வகுத்தது.

காலைப் பேப்பரில், டயர் விளம்பரத்துக்குக் கீழே
‘காரைக்குடிக்குக் காரம் போதவில்லை.’
சேவுகன், சேகர் ஆகியிருந்தான்.
சிவப்புப் பேனாவால் திருத்தினேன்,
என் வீட்டுக்கு வந்த ஒரு பிரதியில்.

முந்நூறு சுவரொட்டி அடிப்பதென்று முடிவு.
ராத்திரி பதினொன்றுக்கு மேல், காகிதக் காசு மட்டும்.
ஜெராக்ஸ் கடை ரெஜினா எழுதிக் கொடுத்தாள்:
வெளிநாட்டு முதலாளியே வெளியேறு.

புரூஃபை வாங்கிப் பார்த்தார் வள்ளியப்பன்,
கழகத்தின் பொருளாளர்,
கையிருப்பு எழுநூற்றுச் சொச்சம்.
“கொண்டுவிக்கப் போன இடத்துல
எங்க பாட்டையாவுக்கு அறுநூறு ஏக்கர்.
ஐராவதி ஓரமா. கடனுக்கு வந்தது.
வயல்ல கால் வச்சதே இல்லையாம், எல்லாம் ஏஜெண்டுதான்.
அந்த ஊர்ச் சுவத்துல என்ன ஒட்டியிருப்பாக?”

யாரும் பேசவில்லை.
மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது.

“அவுக கொக்கையும் எடுத்தீகளாண்ணே?”
ஜபருல்லா சிரிக்காமல்தான் கேட்டான்.

“தெரியலப்பா.
எடுத்திருப்போம்.”

ரெஜினா பேனாவை வாங்கி
‘வெளிநாட்டு’ என்பதை அடித்தாள்.
மிச்சத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதையும் அடித்தாள்.
கீழே பெரிதாக எழுதினாள்:
கொக்கை கொடு.

“நடுவுல ஒரு ‘க்’ வரணும்,” என்றேன்.
“இரண்டாம் வேற்றுமை. வல்லினம் மிகும்.”
“இப்ப இதுதான் முக்கியமா?” என்றாள் ரெஜினா.
ஆமாம் என்று சொல்லவில்லை.
போட்டேன்.

விடியும்போது ரயில்வே கேட் வரை ஒட்டி முடித்தோம்.
திரும்பி வரும் வழியில்
செக்காலை ரோட்டு ஆடு ஒன்று
‘கொடு’வைத் தின்றுவிட்டிருந்தது.
பசை நல்ல மைதா.

ஞாயிற்றுக்கிழமை கவுண்டரில்
அறுபது ரூபாய் டிக்கெட் எண்பதாகியிருந்தது.
பின்பக்கம் நான்கு தூண், ஒரு வளைவு.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு
நாலு டிக்கெட் எடுத்தேன்.