சாய்க்கக் கூடாது

பதினொரு கிலோ நானூறு கிராம்.
சார்ஜா சைஃப் ஸோனில், பதினேழாம் ஷட்டரில்
நான் எடை போட்ட பெட்டி.
சேரும் இடம் என்ற கட்டத்தில்
சந்திரன் என்று தட்டினேன்.
கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. நாட்டுக் குறியீடு கேட்டது.
ஏவுதளம் இருக்கும் ஊரைப் போட்டு அனுப்பினேன்.
அதற்கு மேலே உள்ள தூரம்
வேறொருவர் பில்.

அரசாங்கம் ராக்கெட் வாங்கவில்லை.
வண்டி யாருடையதோ, ஓட்டுவது யாரோ,
கொண்டுபோய் வைத்தால் கிலோவுக்கு இவ்வளவு
என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.
எடுத்தவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான்.
அவன் எங்களுக்கு. நாங்கள்
ஸர்வலி கானுக்கு, அவனுடைய குளிர்சாதன லாரிக்கு.

பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்.
சாய்த்தால் சிவக்கும். சிவந்தது வெளுக்காது.
ஜூன் மாதம், நாற்பத்தாறு டிகிரி.
ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும்
வண்டியை நிறுத்தி, இறங்கி,
பின்கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்து,
மூடி, ஏறி ஓட்டினான்.
கார்கோ கேட்டில் ஒரு முத்திரை குறைந்தது.
ஒன்பது மணி நேரம்.
எஞ்சினை அணைக்க முடியாது,
உள்ளே இருபது டிகிரி இருந்தாக வேண்டும்.
டீசல் அவன் காசு.
காத்திருப்புக் கூலி முந்நூற்றைம்பது திர்ஹாம்.

தருவோம் என்றேன்.
ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது:
மேலேயிருந்து வந்தால் கீழே வரும்.
மேலே என்றால் எவ்வளவு மேலே என்று
அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை.

மாதாமாதம் போன் செய்தான்.
கிளம்பிவிட்டதா.
இல்லை, வால்வில் கசிவு.
கிளம்பிவிட்டதா.
இல்லை, மேகம்.
கிளம்பிவிட்டது என்று நான் சொன்ன அன்று
அல் ஐன் சாலையில் தக்காளி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான்.
எனக்குத் தெரிந்து
அந்தப் பெட்டிக்காகத் தூக்கம் கெட்டவன்
அவன் ஒருவன்தான்.

பிப்ரவரியில் இறங்கியது.
இறங்கியது என்றது கம்பெனி.
விழுந்தது என்றான் இன்சூரன்ஸ்காரன்.
ஒரு காலை எதன் மீதோ வைத்து
நாற்பது டிகிரி சரிந்து கிடந்தது எந்திரம்.
கோணலான தரை, கோணலான கறுப்பு,
ஓரத்தில் எங்கள் பெட்டியின் ஒரு மூலை.
அந்தப் படம் ஏழு கை மாறி
டெலிவரி ஆதாரம் என்ற தலைப்போடு
எனக்கு வந்தது.
பெறுபவர் கையொப்பம் என்ற கட்டம்
காலி.

கணக்குப் பிரிவு ஜெசிந்தா கேட்டாள்,
பெட்டி சாய்ந்திருக்கிறதே,
டிரைவரிடம் பிடித்தம் உண்டா?
கேட்டில் ஒப்படைத்தபோது எடுத்த
பழைய போட்டோவைத் தேடி அனுப்பினேன்.
ஸ்டிக்கர் வெள்ளை.
நம் கையில் இருந்தவரை நேராக இருந்தது
என்று கீழே எழுதினேன்.
அதற்குப் பதில் இல்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு.
இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்தில்
கஞ்சி வாங்கப் போயிருந்தேன்.
பள்ளிவாசலுக்குப் பின்னே லாரி நிற்கும் மணலில்
டிரைவர்கள் மேற்கே பார்த்து நின்றார்கள்.
ஸர்வலியும். கையில் பாதி கடித்த பேரீச்சை.
சீதா ஹை யா டேடா, என்றான் என்னைக் கண்டதும்.
நேராக இருக்கிறதா, கோணலா.
டேடா, என்றேன்.
அங்கே இப்போது ராத்திரி, பேட்டரி செத்துவிட்டது,
இறங்குவதற்கும் விழுவதற்கும் என்ன வித்தியாசம் என்று
வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது யாரோ கை நீட்டினார்கள்.
மின்கம்பிக்கும் தண்ணீர் டாங்கிக்கும் நடுவே
பிறை.
மல்லாந்து கிடந்தது.
இஷாவுக்குள் நாடே அதை ஏற்றுக்கொண்டது.
யாரும் டிகிரி அளக்கவில்லை.

ஸர்வலி கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு,
கணக்கில் ஒரு பிழையைத் திருத்துகிறவன் போல,
ஒன்பது மணி பத்து நிமிடம், என்றான்.
அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறேன்.