ஆறு வாரம்

ஆகஸ்ட். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாள்.
புந்தா அரேனாஸ் படகுத்துறைக் கவுன்ட்டரில்
கண்ணாடி போடாமலே
அடையாள அட்டையின் பொடி எண்களைப் படித்தேன்,
ஐம்பத்தெட்டு வயதில்.
"எதெல்மிரா, உனக்கு வயசு பின்னால் ஓடுது"
என்று சிரித்தான் நோல்பெர்த்தோ.
கண்ணாடியை அவன் கையில் வைத்தேன்.
இனி உனக்குத்தான் வேண்டும் என்றேன்,
தானம் கொடுப்பவளின் மிதப்பில்.

தாகம்தான் தீரவில்லை.
பொர்வெனீர் படகு கிளம்புவதற்குள்
மூன்று முறை கழிவறைக்கு ஓடினேன்.
கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.
மெலிந்துவிட்டாயே, என்ன ரகசியம்,
மீன்கடை ரோசெண்டா கேட்டாள்.
எனக்கே தெரியாது என்றேன்.
உண்மை.

சர்க்கரை நானூற்று இருபது.
எண்ணைச் சொல்லிவிட்டு
டாக்டர் என் முகத்தைப் பார்த்தாள்.
நான் கேட்டது ஒன்றுதான்:
அப்படியென்றால், கண்?

சர்க்கரை செய்த வேலை அது.
கண்ணுக்குள் இருக்கும் வில்லை உப்பிப்போய்
கிட்டத்தில் இருப்பதையெல்லாம்
எனக்கு வாரிக் கொடுத்திருக்கிறது.
அதிசயம் என்று நான் மெழுகுவர்த்தி ஏற்றியது
ஒரு வீக்கத்துக்கு.

விழித்திரையில் கசிவு ஏதும் இல்லை.
இன்சுலின் போட்டதும் பார்வை மங்கும், பயப்படாதே,
புதுக் கண்ணாடி வாங்கிக் காசைக் கொட்டாதே,
ஆறு வாரம் பொறு.

ஐந்தாம் நாள்
எட்டும் மூன்றும் ஒரே எண்ணாயின.
மருந்துப் பேனாவைத் திருகினால்
அளவு காட்டும் சின்னஞ்சிறு சாளரத்தில் பனி.
என் பார்வையைக் கலைத்த மருந்து
தன் அளவையும் என்னிடம் காட்ட மறுத்தது.
ரேடியோவை அணைத்துவிட்டு எண்ணினேன்:
டிக், டிக்,
பன்னிரண்டு டிக்.
ஆனாலும் நம்பிக்கை வராமல்
பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.
வாய் நிறைய ரொட்டியோடு வந்து பார்த்து
"பன்னிரண்டுதான்" என்றான்.
பதினேழு நாள் வந்தான், ரொட்டியோடு.

கவுன்ட்டரில் எல்லோரிடமும் சொன்னேன்,
எண்ணை நீங்களே படித்துவிடுங்கள்.
ஒரு லாரிக்காரன் ஏலம் விடுவது போலக் கத்தினான்.
இன்னொருவன், திருடியதைச் சொல்வது போல, முணுமுணுத்தான்.
கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தி
அட்டையைப் பார்க்காமலே ஓர் எண்ணைச் சொன்னாள்.
பாதியில் நிறுத்தினாள்.
அது என் கணவருடையது, என்றாள்,
ஜூனில் போய்விட்டார்.
பிறகு தன்னுடையதைத்
தட்டுத்தடுமாறிப் படித்தாள்.
அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.
அதனால்தான் சொன்னாளோ என்னவோ.

நடுவில் ஒரு நாள் வெட்கத்தை விட்டு
நோல்பெர்த்தோவிடம் கண்ணாடியைக் கேட்டேன்.
அவன் அதற்குப் பச்சைக் கயிறு கட்டியிருந்தான்.
போட்டுப் பார்த்தேன், அதுவும் எட்டவில்லை.
ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தேன்.
அவனும் ஒன்றும் பேசவில்லை,
அவனுக்கு அது பெரிய விஷயம்.

ஏழாவது வாரம், செவ்வாய்.
நீரிணையில் படகின் விளக்கு
கசியாமல் ஒற்றைப் புள்ளியாக நின்றது.
கிட்டத்தில் மட்டும் மங்கல்,
ஆனால் இந்த மங்கலை எனக்குத் தெரியும்.
நாற்பத்தைந்து வயதில் வந்தது,
என்னுடையது.

கயிறோடு வாங்கி மாட்டிக்கொண்டேன்.
முதலில் வந்தவரின் அட்டையில்
ஒவ்வொரு எண்ணும் அதனதன் காலில் நின்றது.
இருந்தும் வாய் தானாகக் கேட்டது:
நீங்களே சொல்லுங்கள்.
அவர் சொல்லச் சொல்ல
விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
சரியாக இருந்தது.