தொப்பிப் பக்கம்

எங்கள் கொறோலாவில்
தவிலுக்கு வலந்தலை மட்டும் இருக்கிறது.
தொப்பி இல்லை.
தனி ஆவர்த்தனம் ஓடுகிறது, விரல்கள் விழுகின்றன
தகரப் பேணியில் கடலை கொட்டுப்பட்ட மாதிரி.

புது ஸ்பீக்கர் இரண்டும் தயாபரன்தான் பூட்டினது,
போட் மக்மறிக்கு வேலைக்கு ஏற முதல்நாள் இரவு,
டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு.
"குளிருக்கு அப்படித்தான்" என்றார் போனில்.

மில் வூட்ஸில் அன்றைக்கு மைனஸ் இருபத்தேழு.
ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பும் விறைக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
இருபது நிமிடம் ஹீற்றரைப் போட்டுவிட்டு
ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.
என் மூக்கு இளகியது.
பேஸ் இளகவில்லை.

குமிழைக் கடைசிமட்டும் திருகினேன்.
சத்தம் வீங்கியதே தவிர ஆழம் போகவில்லை.
பிறகு, ஏதோ யோசனையில்,
இடது பக்கத்தை மட்டும் பாடவிட்டேன்:
தொப்பி வந்தது.
வலதை மட்டும்:
வந்தது.
இரண்டையும் சேர்த்தேன். காணவில்லை.
ஒன்றும் ஒன்றும் பூச்சியம் என்று
எந்த வாத்தியாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

லோன்றியில் என்னோடு நிற்கிற ஒலேனா
பெரிய மெஷினுக்கே பெல்ற் மாற்றுகிறவள்.
ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பின் ஒரு தலைப்பை அவளும்
மறுதலைப்பை நானும் பிடித்து மடிக்கையில் சொன்னாள்:
ஒன்றுக்கு வயர் மாறிக் கிடக்கு.
அது காற்றைத் தள்ள, மற்றது இழுக்குது.
வீட்டிலிருந்தே ஒரு உதாரணம் வாய்வரைக்கும் வந்தது.
விரிப்பை மடித்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நிலக்கீழ்த் தரிப்பிடம்.
கதவின் உள்தட்டைக் கழற்ற
கிளிப் ஒவ்வொன்றும் எலும்பு முறிகிறமாதிரிக் கத்தியது.
ரீவி ரிமோட்டிலிருந்து ஒரு பற்றரி எடுத்து வந்திருந்தேன்.
கோடு போட்ட வயரில் கழித்தல்,
கோடில்லாததில் கூட்டல்.
வலது கதவு: தொட்டதும்
கூம்பு வெளியே துள்ளியது, விக்கல் எடுத்த மாதிரி.
இடது கதவு: தொட்டேன்.
உள்ளே போனது.
இன்னொருதரம் தொட்டேன், ஆசைக்கு.
உள்ளேதான்.

கறுப்பு ரேப்பை உரித்தேன்.
எத்தனை சுற்று! மனுஷன் பிழையையும்
இறுக்கித்தான் கட்டியிருக்கிறார்.
இரண்டு நுனியையும் மாற்றி முறுக்கினேன்.

தவில் வந்தது.
இருக்கையின் அடியால் வந்து
முதுகில் கை வைத்தது.
பக்கத்துக் காருக்குப் பால் பெட்டி ஏற்றிய பஞ்சாபிக்காரர்
நிமிர்ந்து பார்த்தார்.

கூடவே வந்தது ஒரு கிணுகிணுப்பு.
இவ்வளவு நாளும் இது எங்கே கிடந்தது?
அதிர்வதற்கு ஒன்றும் இல்லாதபோது
எல்லாம் நல்லபிள்ளையாய் இருந்திருக்கிறது.

டாஷ்போட்டை உள்ளங்கையால் அமத்தினேன்.
கண்ணாடிக் கூட்டை, சில்லறைக் குழியை,
பின்கதவில் நம்பர் பிளேற்றை,
டொக்டர் வயிறு பார்ப்பதுபோல,
இங்கே நோகுதா, இங்கே?
பிளேற் கொஞ்சம் முனகியது.
ஆனால் பெரிய நோவு இடது கதவுக்குள்.

கையை முழங்கைவரை விட்டேன்.
கதவின் அடித் தகரத்தில், தூசிக்குள்,
ஒரு ஸ்குரூ.
ஸ்பீக்கருக்கு நாலு ஓட்டை.
எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான் பூட்டியிருந்தது.
"ஒன்று எங்கேயோ உருண்டிட்டுது, பரவாயில்லை"
என்று அந்த இரவு யாரோ சொன்னது ஞாபகம் வந்தது,
டோர்ச் கடித்த வாயால்.

நாலாவதையும் பூட்டினேன்.
அன்ரனி ஹென்டேயில் தொண்ணூறில் ஓடிப் பார்த்தேன்.
நெடுஞ்சாலை வெறிச்சென்று கிடந்தது. பனி
புகைமாதிரிக் குறுக்கே ஊர்ந்தது.
தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும்
வயிற்றுக்குள் ஒருதரம் இருந்து எழும்பிப் போனது.

இரவு போன் வந்தது.
"பேஸ் வந்திட்டுதோ?"
"ஓம், வந்திட்டுது."
"சொன்னன்தானே, குளிர்தான்."

யன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
"ஓமோம்" என்றேன்.

நம்பர் பிளேற் இன்னும் முனகுகிறது.
அதற்குள் ஒரு துண்டு ரப்பர் வைத்தால் போதும்.
வைக்கவில்லை.
வெள்ளிக்கிழமை அவர் வருகிறார்.