முப்புள்ளி

கஸ்தூரி நகர் ஆர்டிஓ ஆபீஸ், நான்காம் கவுண்டர்.
"ஹெசரு?"
சொன்னேன்.
எந்த ஹெசரு என்றார்.

ஆதாரில் நான் ஜோசபின்.
லைசென்ஸில் ஜோஸ்பின்னி.
சாம்பியன் ரீஃப் பள்ளிச் சான்றிதழில் மட்டும்
நடுவே மூன்று புள்ளியோடு ஜோசஃபின்.
புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
மை சிந்தியதா?
எழுத்து சார்.
கன்னடத்தில் இல்லையே.
இல்லைதான் சார்.

கணவர் பெயர் என்ற கட்டத்தில்
ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தேன்.
அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சேசிஸ் நம்பரைப் பென்சிலால் உரசிக் கொண்டு வா
என்றது திங்கள்.
ஏழாவது எண் மூன்றா எட்டா, தெளிவில்லை
என்றது செவ்வாய்.
புதன், சாகேப் லீவு.
விற்ற திம்மராயப்பா
இரண்டு ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு
முட்டி வலியோடு குணிகலில் மகள் வீட்டில் இருக்கிறார்.
போன் எடுப்பதில்லை.

இந்த ஊரில் ஒரு காலத்தில்
வீட்டுக் கதவுகளில் 'நாளெ பா' என்று எழுதி வைப்பார்களாம்.
இரவில் தட்ட வரும் பேய்
அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம்.
மறுநாளும் வந்து படிக்குமாம்.
படித்த பேய்.
என்னைப் போலப் பத்தாவது பாஸாக இருக்கும்.

ஜெராக்ஸ் கடை வாசலில் இம்தியாஸ் சொன்னான்:
"எட்டாயிரம் கொடு அக்கா,
மூன்று எட்டாகும், எட்டு மூன்றாகும்."
எட்டாயிரம் என் ஒரு மாதத் தவணை.
வண்டி இன்னும் ஒரு ரூபாய் ஓடவில்லை.

அவன் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
தமிழிலும் எழுதியிருந்தான்.
ஃபார்ம், ஃபோட்டோ, ஃபிட்னஸ், ஃபைன், ஃபைனான்ஸ்.
எல்லாவற்றுக்கும் முன்னால் என் மூன்று புள்ளி,
முன்னே ஒரு சக்கரம் பின்னே இரண்டு,
பகரத்தை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறது.
சொந்தச் சவாரி அதற்குக் குறைவு.
அஃது, இஃது, அஃறிணை, பரீட்சையோடு சரி.
உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, தனிநிலை.
ஆனாலும் முன்னால் ஒரு குறில்
பின்னால் ஒரு வல்லினம் என்று
இரண்டு ஜாமீன் கேட்கும் இலக்கணம்.
ஃபைனான்ஸ்காரனும் இரண்டுதான் கேட்டான்.

வியாழன் விடியற்காலை
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
சீட்டைக் கழற்றி உள்ளே தலையை நுழைத்தேன்.
உப்புத்தாள் போடாதே, நம்பரைத் திருத்தினாய் என்று கேஸ் வரும்,
இதை இம்தியாஸ் காசு வாங்காமல் சொல்லியிருந்தான்.
பழைய பல் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய்.
தலையெழுத்தைத் தடவிப் பார்க்க முடியாது என்பார்கள்.
வண்டியினுடையதைத் தடவலாம்.
தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்து,
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக
ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.
ஏழாவது
மூன்று.
வாய் திறந்திருந்தது, மூடவே இல்லை.

இந்த எஃகுக்கு ஒரே பெயர்.
எந்த ஆபீசிலும் அதே பெயர்.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

என் பெயருக்கு நோட்டரி எழுதித் தந்தார்,
மேற்கண்ட மூவரும் ஒருவரே என்று.
ஞாயிறு பூசையில் கேட்ட வாக்கியம்.
ஸ்டாம்பு பேப்பரில் அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளி.
கவுண்டர் ஆள் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
மூன்று என்றார். சரி என்றார்.
மூவரும் ஒருவரே என்பதையும் ஒப்புக்கொண்டார்.
பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி,
"ஃபிட்னஸ் நேற்றோடு முடிந்துவிட்டதே அம்மா."

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கும் வந்தது.
"நாளெ சனிக்கிழமை, இரண்டாவது சனி.
சோமவாரா பன்னி."

வெளியே வண்டியில் உட்கார்ந்தேன்.
மீட்டர் பூஜ்ஜியத்தில் இருந்தது.
மழை வருகிற மாதிரி இருந்தது.
குழந்தையும் பையுமாக ஒரு பெண் குனிந்து கேட்டாள்,
ஹென்னூர் கிராஸ்?

வராது என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாக
இதே சாலையோரத்தில் நின்று
நான் பார்த்தது.